சிவப்பு நூல் கட்டின கட்டை

ஸ்டார்ட் சொல்லி ரெண்டு நிமிஷம் ஆச்சு, பாய்ல குப்புறப் படுத்துக் கிடக்கேன், நான் இன்னும் முதல் குண்டைப் போடல. பக்கத்து லேன்ல ஒருத்தி அதுக்குள்ள மூணு போட்டுட்டா, காதை அடைச்சிருந்தும் டப்பு டப்புன்னு கேக்குது. போடட்டும், அவளுக்கு என்ன, அவளுக்கு இதுல எதுவும் போகப் போறதில்ல. அம்பது நிமிஷம், அறுபது குண்டு, அம்பது மீட்டர் தள்ளி ஒரு கருப்பு வட்டம், அந்த வட்டத்துக்கு நடுவுல சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பத்து, அதுக்குள்ளயும் நட்டநடுவுல பட்டா பத்து புள்ளி ஒம்பது வரைக்கும். ஸ்டேட் டீம்ல மூணு இடம் போன மாசமே முடிஞ்சு போச்சு. மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அது எனக்கா உமையாளுக்கான்னு இந்த அம்பது நிமிஷத்துல தெரிஞ்சுடும். உமையாள் எனக்கு முன்னாடி, முதல் ரிலேலயே சுட்டு முடிச்சுட்டா. அறுநூத்திப் பதினேழு புள்ளி மூணு. பதினாலைத் தாண்டினதில்ல அவ, ஒன்பது வருஷமா பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா. இன்னைக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு பதினேழு. இந்தா, இதே துப்பாக்கிதான், கிளப்போடது, ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு. கன்னம் வைக்கிற பலகை, தோள்ல பொருந்துற தகடு, எல்லாத்துலயும் நகப்பாலீஷ்ல ரெண்டு கோடு போட்டு வெச்சிருக்கோம், சிவப்பு எனக்கு, பச்சை அவளுக்கு. ரிலே மாறுறப்ப அவ கோட்டுலேர்ந்து என் கோட்டுக்கு நகத்திக்கணும். இன்னைக்கு அவளே நகத்தி வெச்சுக் குடுத்தா. நான் ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்படிச் சரியா இருந்ததுதான் எனக்குச் சரியாப் படல.

சரி, மூச்சு. இழு, விடு, பாதில நிறுத்து. கண்ணை மூடு. கண்ணை மூடிக்கிட்டு உடம்பைத் தொளதொளன்னு விட்டுட்டு, அப்பறம் திறந்து பாத்தா கருப்பு வட்டம் தானா துப்பாக்கி நுனி வளையத்துக்குள்ள வந்து நிக்கணும். கையால தள்ளி நிறுத்தக் கூடாது. தள்ளினா சுடுற நொடில அது பழைய இடத்துக்கே போயிடும். திறந்தேன். வட்டம் இடது பக்கம் ஒரு மயிரிழை தள்ளி நிக்குது. இடுப்பை நகத்தணும். நகத்தினேன். துப்பாக்கியோட வார் இடது கையைக் கவ்விப் பிடிச்சிருக்கு, முழங்கைக்கு மேல நாடி துடிக்கிறது துப்பாக்கி நுனில தெரியுது, ஒவ்வொரு துடிப்புக்கும் வட்டம் லேசா ஏறி இறங்குது. ரெண்டு துடிப்புக்கு நடுவுல. இப்ப. டப்பு. நடுவுலதான் போயிருக்கும். மானிட்டரைப் பாத்தா பத்து புள்ளி ஒண்ணு, கீழ. நடுவுல போயிருக்கணுமே. கீழ எதுக்குப் போச்சு. எனக்கு உடனே அவ ஞாபகம்தான். இதோ பின்னாடி நாற்காலில உக்காந்திருக்கா, பாக்காமலே தெரியும், அந்த ஊதாச் சுடிதார், மடில கைக்குட்டை. அவ என் முதுகைப் பாத்துக்கிட்டிருக்கா. பாத்துட்டுப் போறா. நான் ரயில்ல டிக்கெட் செக் பண்றவ, பதினாறு வருஷம், பின்னாடிலேர்ந்து எத்தனை பேர் முறைச்சிருப்பான். முறைக்கிறவனைப் பத்திக் கவலை இல்ல. தூங்குற மாதிரி நடிக்கிறவனைப் பத்தியும் கவலை இல்ல. நான் கேக்கறதுக்கு முன்னாடியே டிக்கெட்டை எடுத்துச் சிரிச்சுக்கிட்டே நீட்டுறான் பாரு, அவனைத்தான் நான் ரெண்டு தடவை பாப்பேன். பத்துல ஏழு பேர்கிட்ட ஏதாவது ஒரு கோளாறு இருக்கும். பேர் வேற, வயசு வேற, தேதி வேற.

அப்படித்தான் அவளும் நேத்து நீட்டினா. ரெண்டு மரக்கட்டை, ஒவ்வொண்ணுலயும் எம்பது துளை, துளைக்கு ஒரு குண்டு, மேல மெல்லிசா ஒரு பலகை மூடி, மூடி கழண்டுடாம குறுக்க கம்பளி நூல். சிவப்பு நூல் எனக்கு, பச்சை நூல் அவளுக்கு. "பிலோ, இது உன்னுது. மாத்திடாத, என்ன. சிவப்பு உன்னுது." நான் எதுக்குடி மாத்தப் போறேன். ஒன்பது வருஷமா மாத்தாதவகிட்ட மாத்தாதன்னு எதுக்குச் சொல்லணும். சொல்றப்ப என் மூஞ்சியைப் பாக்கல, மூடியைத் துடைச்சுக்கிட்டே சொன்னா. அங்கதான் எனக்குத் தைச்சுது. ரெண்டாவது குண்டு, மூச்சு, நிறுத்து, டப்பு. பத்து புள்ளி ரெண்டு. கீழ. மூணாவது, பத்து புள்ளி ரெண்டு. கீழ. காத்து இல்ல. கொடி தொங்கிக்கிட்டுக் கிடக்குது. மேடு தாண்டி ரெண்டு ஆடு மேயுது, அதோட காது கூட ஆடல.

இதுல குண்டுதான் எல்லாம். பாக்கறவங்களுக்குத் தெரியாது, எல்லாக் குண்டும் ஒண்ணுன்னு நெனப்பாங்க. ஒரே கம்பெனி, ஒரே பேரு, ஒரே பித்தளை, ஆனா ஒவ்வொரு லாட்டும் வேற. பெட்டியோட ஓரத்துல நம்பர் அடிச்சிருப்பான், அந்த நம்பர்தான் ஜாதகம். மார்ச்ல நாலு லாட் வாங்கி, துப்பாக்கியைச் சிமெண்ட் மேடைல இரும்புப் பிடில இறுக்கி வெச்சு, ஆள் கையே படாம ஒவ்வொண்ணுலயும் பத்துப் பத்தா சுட்டுப் பாத்தோம். நாப்பத்தேழுல முடியுற லாட், பத்துக் குண்டும் ஒரே ஓட்டை, மேல ஒரு ரூபாயை வெச்சா மறைஞ்சு போச்சு. உமையாள் அந்தத் தாளைக் கைல வெச்சுக்கிட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. ரெண்டு லாட் தேறவே இல்ல. அம்பத்திரெண்டுல முடியுறது வேற மாதிரி. எட்டு ஒழுங்காப் போகும், கொஞ்சம் கீழ தள்ளி, ஆனா ஒழுங்காப் போகும். மிச்சம் ரெண்டு ஊர் சுத்தப் போயிடும். எந்த ரெண்டுன்னு முன்கூட்டித் தெரியாது, அதான் அதுல இருக்கற விஷம். நாப்பத்தேழைப் பிராக்டிஸ்ல தீத்துட்டோம், என் தப்பும் இருக்கு, நான்தான் இன்னும் பத்து இன்னும் பத்துன்னு சுட்டுக்கிட்டே இருந்தேன். கடைசில மிஞ்சினது எம்பத்தஞ்சோ எம்பத்தாறோ. ஒரு ஆளுக்குத்தான் வரும். ஆளுக்குப் பாதின்னு பேசிக்கிட்டோம், பாதி நாப்பத்தேழு, பாதி அம்பத்திரெண்டு, யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்னு. சனிக்கிழமை கிளப்புல உக்காந்து பிரிக்கணும். சனிக்கிழமை எனக்கு வண்டில டூட்டி. "நீ போடி, நான் பாத்துக்கறேன், ஒவ்வொரு குண்டோட அடி விளிம்பு கனம் அளந்து பொறுக்கி வெச்சிடறேன்"னா. காலேஜ் லைப்ரரில வேலை பாக்கறவ, பொறுக்கி அடுக்கறதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அன்னைக்கு வண்டில போறப்பவே எனக்கு மனசு சரியில்ல. தனியா, மூணு மணி நேரம், குண்டும் அவளும். கட்டைல நிறுத்தினதுக்கு அப்பறம் எது நாப்பத்தேழு எது அம்பத்திரெண்டுன்னு கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

ஆறாவது குண்டு. பத்து புள்ளி மூணு. ஏழாவது, ஒம்பது புள்ளி ஆறு. ஒம்பதா. வலது பக்கம் மேல. இதை நான் சுடல. சத்தியமா சுடல, வளையம் நடுவுல நின்னுச்சு, விசை வெண்ணெய் மாதிரி போச்சு. இது ஊர் சுத்தப் போன குண்டு. இது அம்பத்திரெண்டு. இரு, பாதி அம்பத்திரெண்டு இருக்கத்தானே செய்யும், அதான் பேச்சு. அப்பறம் பதினொண்ணாவது, ஒம்பது புள்ளி அஞ்சு. பதினாறுல இன்னொண்ணு. ஆக எல்லாமே அம்பத்திரெண்டு. எம்பதும். மார்ச்ல பாத்த அதே கணக்கு, பத்துக்கு ரெண்டு, மிச்சமெல்லாம் கீழ. எப்படி. அதெப்படி. ஏன்னா நான்தான் மாத்திட்டேனே.

மாத்திட்டேன். காலைல ஏழு மணிக்கு, கிளப்போட ஆயுத அறைல, அவ டீ வாங்கப் போனப்ப. ரெண்டு கட்டையும் மேஜை மேல. நூலை அவுத்து, சிவப்பைப் பச்சை கட்டையிலயும் பச்சையைச் சிவப்பு கட்டையிலயும் கட்டி, முடிச்சை இறுக்கி, பழைய இடத்துலயே வெச்சுட்டேன். ஒரு நிமிஷம் கூட ஆகல. அது எனக்கே ஆச்சரியம். தப்புன்னு தோணவே இல்ல, ரிசர்வேஷன் இல்லாதவனை எழுப்பி விடுற மாதிரிதான் இருந்துச்சு. நல்லதையெல்லாம் பச்சைல போட்டுக்கிட்டு எனக்குக் கழிசலைக் குடுத்திருக்கா, அதான் மாத்தாத மாத்தாதன்னு சொன்னா. சரி, அவ எனக்குன்னு வெச்சதை அவளே சுடட்டும். அதுல என்ன தப்பு. பாதிப் பாதின்னு நேர்மையா பிரிச்சிருந்தா நான் மாத்தினதால அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே. இதை நான் எனக்குள்ள நாலு தடவை சொல்லிக்கிட்டேன், டீயைக் குடிச்சுக்கிட்டே, அவ வாங்கிட்டு வந்த டீ. சக்கரை கம்மியா வாங்கியிருந்தா, எனக்கு அப்படித்தான் பிடிக்கும்னு.

இப்ப பாரு. மாத்தினதுக்கு அப்பறமும் என்கிட்ட இருக்கறது அம்பத்திரெண்டு. அவ சுட்டது பதினேழு. அம்பத்திரெண்டை வெச்சு எந்தக் கொம்பனும் பதினேழு சுட முடியாது. அப்படின்னா அவ சுட்டது நாப்பத்தேழு. அப்படின்னா எனக்குன்னு கட்டின கட்டைல, சிவப்பு நூல் கட்டின கட்டைல இருந்தது. இரு. இரு, அவசரப்படாத. அப்படின்னா நான் மாத்துவேன்னு அவளுக்கு முன்னாடியே தெரியும். அதான். நான் சந்தேகப்படுவேன்னு தெரிஞ்சு, சந்தேகம் வர்ற மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, மாத்தாத மாத்தாதன்னு ரெண்டு தடவை சொல்லி, நல்லதைச் சிவப்புல போட்டு, நான் மாத்தட்டும்னு டீ வாங்கப் போயிருக்கா. அவ்வளவு தூரம் யோசிப்பாளா. யோசிப்பா. சதுரங்கம் ஆடுவா அவ, காலேஜ்ல கப் வாங்கியிருக்கா. ஆனா நான் மாத்தாம விட்டிருந்தா. விட்டிருந்தா நல்லது எனக்கு வந்திருக்குமே. அவ்வளவு பெரிய சூதாட்டம் ஆடுவாளா ஒருத்தி. ஆடமாட்டாளே. அப்ப. அந்த அப்பவுக்கு அப்பறம் ஒண்ணு இருக்கு, எனக்குத் தெரியுது, மூலைல நிக்குது, நான் அந்தப் பக்கம் திரும்பல. மூச்சு. இருபத்திரெண்டு. பத்து புள்ளி நாலு. கீழ.

கீழ, கீழ, கீழ. இதுக்கு ஒரு மருந்து இருக்கு. பின்னாடி குறி பாக்கற சைட்டோட திருகை ரெண்டு கிளிக் மேல திருப்பினா மொத்தக் கூட்டமும் நடுவுக்கு வந்துடும், குழந்தைக்குக் கூடத் தெரியும். நான் திருப்பல. ஏன்னு கேட்டா, துப்பாக்கியைக் குடுக்கறப்ப அவ சொன்னா, "மேல நாலு கிளிக் வெச்சிருக்கேன், அப்படியே விட்டுடு, தொடாத." நாலு கிளிக்கா. எதுக்கு. என் நம்பர் எனக்குத் தெரியும், மனப்பாடம். அவ முதுகைத் திருப்பினதும் நாலையும் இறக்கிட்டேன். ஸ்டார்ட்டுக்கு முன்னாடி கணக்குல சேராம சுட்டுப் பாக்கறப்ப எல்லாம் பாதாளத்துக்குப் போச்சு. ரெண்டு ஏத்தினேன். இன்னும் கீழதான் போகுது. இன்னும் ரெண்டு ஏத்தினா அவ சொன்ன நாலு ஆயிடும். அதுக்கு நான் தயாரா இல்ல. இது கிறுக்குத்தனம்னு எனக்கே தெரியுது, புள்ளி ஒண்ணும் ரெண்டுமா ஒழுகிக்கிட்டே இருக்கு, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். எங்க வீட்டுக்காரர் சொல்லுவார், உனக்கு டாக்டர் மாத்திரை குடுத்தா டாக்டருக்கு அதுல என்ன லாபம்னு யோசிப்பன்னு. யோசிக்கிறதுல என்ன தப்பு. யோசிக்காதவளைத்தான் எல்லாரும் ஏச்சுட்டுப் போயிடுறாங்க. எங்க அக்கா கிறிஸ்டீனா யோசிக்கல, நகை மொத்தத்தையும் நாத்தனார்கிட்டக் குடுத்து வெச்சா, போச்சு. அவ இப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா, அது வேற விஷயம்.

இருபத்தெட்டு. முப்பது. தூரத்துல ரயில் சத்தம். பத்தே முக்கால் பாசஞ்சர், ஆறு நிமிஷம் லேட்டு. அந்த வண்டில நான் எத்தனை தடவை போயிருப்பேன், இந்த மேட்டைத் தாண்டுறப்ப ஜன்னல் வழியா இந்தச் சிவப்புக் கொடி ரெண்டு நொடி தெரியும். இனிமே தெரியாது. ஹூப்ளிக்கு மாத்தல், வேற ஸ்டேட், அடுத்த மாசம் முதல் தேதி சேரணும். அங்க ரேஞ்ச் எங்க இருக்கோ, துப்பாக்கி யார் குடுப்பாங்களோ, முப்பத்தொம்பது வயசுல முதல்லேர்ந்து யார் காலைப் பிடிக்கிறது. துப்பாக்கி இங்கதான் இருக்கும், அவகிட்ட. அவளுக்கு அடுத்த வருஷமும் இருக்கு, அதுக்கு அடுத்ததும் இருக்கு. எனக்கு இதான். எனக்கு இதான்னு அவகிட்டத்தான் சொன்னேன், மாத்தல் ஆர்டர் வந்த அன்னைக்கு, ஸ்டேஷன் வாசல்ல நின்னு அழுதேன், எனக்கு அழுகை வர்றதே அபூர்வம். அவ ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லல. பையோட வாரைப் பிடிச்சு முறுக்கிக்கிட்டே நின்னா. அப்பவே கணக்குப் போட்டிருப்பான்னுதான் நான் நெனச்சேன்.

காலைல இன்னொண்ணு நடந்துச்சு. முதல் ரிலே ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவ பாயை விரிச்சு, கட்டையை எடுத்து, மூடியைக் கழட்டப் போனா. பச்சை நூல் அவுறல. நகத்தால கிள்ளிப் பாத்தா, அவுறல. அப்படியே கைல வெச்சுக்கிட்டுக் குனிஞ்சு அந்த முடிச்சையே பாத்தா. நான் பின்னாடி நாற்காலில உக்காந்து அவ கையையே பாத்துக்கிட்டிருந்தேன். எந்திரிச்சு நேரா என்கிட்ட வந்தா. "பிலோ, நோட்டைப் பாத்தியா?" நோட்டுன்னா எங்க நோட்டு, எத்தனை கிளிக், எந்த லாட், எந்தக் காத்துன்னு ரெண்டு பேரும் எழுதி வைக்கிற நீல அட்டை நோட்டு. நேத்துலேர்ந்தே நோட்டைப் பாரு நோட்டைப் பாருன்னு ரெண்டு தடவை சொல்லியிருந்தா, அதனாலயே நான் தொடல. மாட்டிக்கிட்டோம்டான்னு நெனச்சேன், என்ன சொல்றதுன்னு தெரியல, "பாத்தேன் பாத்தேன், போ, போய்ச் சுடு"ன்னேன். அவ கண்ணு நெறஞ்சு போச்சு. என் கன்னத்தை ஒரு தடவை தொட்டுட்டுத் திரும்பிப் போயிட்டா. போய்ப் பதினேழு சுட்டா. எதுக்குக் கண்ணு நெறையணும். எனக்குத் தெரிஞ்சு குத்தம் பண்ணினவங்களுக்குத்தான் அப்படி நெறையும். அபராதம் எழுதுறப்ப நான் பாக்காத கண்ணீரா.

முப்பத்தெட்டு, ஒம்பது புள்ளி நாலு. முப்பத்தொம்பது. நாப்பது. நானூத்தி அஞ்சு புள்ளி ஒம்பது. பதினேழைத் தாண்டணும்னா இப்ப நானூத்திப் பதினொண்ணைத் தாண்டியிருக்கணும். துப்பாக்கியை இறக்கிட்டேன். கன்னத்துல வேர்வை பலகையோட ஒட்டி உரிஞ்சு வந்துச்சு. பதினேழு நிமிஷம் இருக்கு. உமையாளே சொல்லுவா, மனசுல ஏதாவது ஓடிக்கிட்டிருந்தா விசையைத் தொடாத, இறக்கிடு, ஓடி முடியட்டும்னு. ஓடி முடியுற மாதிரி இல்ல. சைட்டைப் பாத்தேன். பக்கத்துல சாமான் பெட்டி, அதுக்குள்ள நீல அட்டை. சரி, என்னதான் எழுதியிருக்கான்னு பாப்போம், பொய்தான் எழுதியிருப்பா, பொய்யையாவது பாப்போம். இடது கை வாருக்குள்ள, வலது கையால ஒவ்வொரு தாளாத் தள்ளினேன். கடைசிப் பக்கம், சனிக்கிழமை தேதி. அவளோட கையெழுத்து, லைப்ரரிப் புத்தகத்து முதுகுல எழுதுற மாதிரி குண்டு குண்டா. "சிவப்பு: 47, எம்பதும், விளிம்பு ஒரே கனம். பழைய கிளிக், மாத்தவேணாம். பச்சை: 52, நாலு கிளிக் மேல. பிலோ, பாதிப் பாதின்னா யார் போறதுன்னு குண்டுதான் முடிவு பண்ணும். நீ போ. எனக்கு அடுத்த வருஷம் இருக்கு. நேர்ல சொன்னா சண்டைக்கு வருவ, அதான் எழுதறேன்."

மூலைல நின்னது இதான். இருபது குண்டா அந்தப் பக்கம் திரும்பாம இருந்தேன். எம்பதும். விளிம்பு ஒரே கனம். மூணு மணி நேரம் உக்காந்து அளந்திருக்கா, ஒவ்வொண்ணா எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டு, எனக்காக. நான் ஒரு நிமிஷத்துல மாத்திட்டேன். அவளுக்கு வெச்சுக்கிட்ட கழிசலை என் கையாலயே எனக்கு எடுத்துக்கிட்டேன். நாலு கிளிக். என்கிட்ட அம்பத்திரெண்டு இருக்குன்னு தெரிஞ்சு, அம்பத்திரெண்டுக்கு நாலு கிளிக் ஏத்தி வெச்சுக் குடுத்திருக்கா, அதையும் இறக்கிட்டேன். எனக்கு அவமானமா இருந்துச்சு. யாரும் பாக்கல, எல்லாரும் அவங்கவங்க வட்டத்தைப் பாத்துக்கிட்டிருக்காங்க, ஆனா காது மடல் வரைக்கும் சுட்டுச்சு. எந்திரிச்சுப் போயிடலாமான்னு இருந்துச்சு. பின்னாடி திரும்பிப் பாத்தேன், திரும்பக் கூடாது, திரும்பினா படுத்திருக்கற வாகு கலைஞ்சிடும், இருந்தும் திரும்பினேன். ஊதாச் சுடிதார். கைக்குட்டையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு என் மானிட்டரைப் பாத்துக்கிட்டிருந்தா. நான் திரும்பினதைப் பாத்துட்டு, முன்னாடி பாருன்னு கையை ஆட்டினா.

ரெண்டு கிளிக் ஏத்தினேன். இடுப்பை மறுபடி சரி பண்ணினேன். கண்ணை மூடித் திறந்தேன், வட்டம் நடுவுல. நாப்பத்தொண்ணு, பத்து புள்ளி ஏழு. நாப்பத்திரெண்டு, பத்து புள்ளி ஆறு. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன், முடியாது, மிச்சம் இருபதும் உலகச் சாதனையாச் சுட்டாத்தான் பதினேழு. அது இந்தக் குண்டுல நடக்காது. நடக்காதுன்னு தெரிஞ்சதும் கை என்னமோ லேசாயிடுச்சு. நாடி எங்க துடிக்குதுன்னு தேட வேண்டியிருந்துச்சு. இந்த அம்பது நிமிஷத்துல நான் துப்பாக்கியை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தது இந்தக் கடைசி இருபதுலதான். நடுவுல ரெண்டு ஊர் சுத்தப் போச்சு, ஒம்பது புள்ளி எட்டு, ஒம்பது புள்ளி ஆறு, போகட்டும், அது குண்டோட குணம், எனக்கு அதுமேல கோபம் வரல. அம்பத்தெட்டு. அம்பத்தொம்பது. அறுபதாவது குண்டுக்கு வளையம் அசையாம நின்னுச்சு. எதையும் யோசிக்காம போட்டேன். பத்து புள்ளி எட்டு. மொத்தம் அறுநூத்திப் பதிமூணு புள்ளி எட்டு.

ஸ்டாப் சொன்னாங்க. போல்ட்டைத் திறந்து வெச்சேன், பாதுகாப்புக் கொடியைச் சொருகினேன், வாரைக் கழட்டினேன், இதெல்லாம் கை தானாச் செய்யுது. உமையாள் ஓடி வந்து பாய் மேலயே உக்காந்துட்டா. அழுதுக்கிட்டிருந்தா, அழுததுல மூக்கெல்லாம் சிவந்திருந்துச்சு.

"நீ எதுக்குடி இப்படிப் பண்ணின?"

வந்துடுச்சுன்னு நெனச்சேன். கேக்கட்டும், நாலு அறை அறையட்டும், வாங்கிக்கறேன்.

"முடிச்சைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுடுச்சு பிலோ. நான் போடுற முடிச்சு ஒரு இழுப்புல அவுறும். அது உன் முடிச்சு, பல்லால கடிச்சாத்தான் வரும். நம்பவே முடியல. ஓடி வந்து நோட்டைப் பாத்தியான்னு கேட்டேன், பாத்தேன், போய்ச் சுடுன்னு சொல்ற. கல்லு மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு. நான் உனக்குன்னு எடுத்து வெச்சதைப் படிச்சுட்டு, எனக்கே திருப்பிக் குடுத்துட்டியேடி. ஹூப்ளி போறவ நீ. இதுக்கப்பறம் உனக்கு என்னடி இருக்கு?" மூக்கை உறிஞ்சினா. "பாழாக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு குண்டையும் உன்னை நெனச்சுக்கிட்டே சுட்டேன். அதான் பதினேழு."

அவ நான் சுடுறப்ப போடுற தடி ஜாக்கெட்டோட பக்கிளை ஒவ்வொண்ணாக் கழட்டிக்கிட்டிருந்தா, எப்பவும் அவதான் எனக்குக் கழட்டி விடுவா, அது அவ்வளவு இறுக்கம். சும்மா இருந்துடலாம். ஒரு வார்த்தை பேசாம இருந்தா போதும், காலம் பூரா நான் நல்லவ. அந்த நெனப்பு ஒரு பக்கம் ஓடிச்சு. இன்னொரு பக்கம் அந்தச் சக்கரை கம்மி டீ தொண்டைக்குள்ள நின்னுச்சு.

"இல்லடி," ன்னேன். "நான் நோட்டையே படிக்கல. இப்ப நாப்பதாவது குண்டுக்கு அப்பறம்தான் படிச்சேன். நீ என்னை ஏமாத்திட்டன்னு நெனச்சேன். நல்லதை நீ எடுத்துக்கிட்டன்னு நெனச்சுத்தான் மாத்தினேன்."

பக்கிள்ல இருந்த கை நின்னுச்சு. என்னைப் பாத்தா. ஒரு நொடி, அவ்வளவுதான். அப்பறம் சிரிச்சா.

"போடி இவளே. நல்லது பண்ணிட்டு மாட்டிக்கிட்டா இப்படித்தான் ஏதாவது உளறுவ."

"சத்தியமா உமா. மாதாமேல சத்தியமா."

"சரி சரி. எந்திரி முதல்ல, வேர்த்து ஊத்துது உனக்கு."

எந்திரிச்சேன். அவ குனிஞ்சு பாயைச் சுருட்டினா. காலியான என் கட்டைல மூடியை வெச்சு, சிவப்பு நூலைத் தேடி எடுத்து, அவ வழக்கப்படி ஒரு இழுப்புல அவுறற முடிச்சாக் கட்டினா. காலிக் கட்டைக்கு எதுக்கு முடிச்சுன்னு நான் கேக்கல. அந்த ஒரு நொடியைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். பதினாறு வருஷமா மூஞ்சிகளைப் பாக்கறவ நான். அந்த நொடில அவ நான் சொன்னதை நம்பலையா, இல்ல முழுசா நம்பி, உள்ள வாங்கி, அதுக்கு அப்பறம் எனக்காகச் சிரிச்சாளா. நம்பலைன்னா அவளை மாதிரி ஒரு பைத்தியம் கிடையாது. நம்பிட்டுச் சிரிச்சிருந்தா, அவ முன்னாடி நான் எப்படி நிக்கிறது. கேட்டா சொல்லமாட்டா. சொன்னாலும் நான் நம்புவேனா. ஹூப்ளில இருந்துக்கிட்டு, கோட்டு போட்டுக்கிட்டு, பெட்டி பெட்டியா நடந்துக்கிட்டு, இதையேதான் நான் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கப் போறேன்.

துப்பாக்கிப் பெட்டியை ரெண்டு பேராத்தான் தூக்கணும், முன்னாடி ஒரு பிடி, பின்னாடி ஒரு பிடி. ஆயுத அறை ரெஜிஸ்டர்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கணும். "வாடி," ன்னு அவ முன் பிடியைப் பிடிச்சா. நான் பின் பிடியைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். பின்னாலேர்ந்து அவ முகம் தெரியல.